எப்போதாவது பேசுபவருக்கு எந்தப் போன், எந்த ரீசார்ஜ்? நீலகிரியில் வசிப்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

மாதத்தில் நாலைந்து அழைப்புகள் மட்டுமே பேசுபவர்கள், பேசுவதைவிட வருகிற அழைப்பைத் தவறவிடாமல் இருப்பதே முக்கியம் என்று நினைப்பவர்கள், கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு மலையில் தனியாக இருக்கும் பெற்றோருக்குப் போன் வாங்கித் தர விரும்பும் பிள்ளைகள் ஆகியோருக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இதில் வரும் கட்டணங்கள் பெரும்பாலும் 2024 ஜூலைக்கும் 2025 தொடக்கத்துக்கும் இடையில் நிறுவனங்கள் அறிவித்தவை. கட்டணம் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் நாளில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்: போனையா, திட்டத்தையா, நிறுவனத்தையா?

நிறுவனத்தைத்தான். பெரும்பாலானவர்கள் கடைக்குப் போய் முதலில் போனை வாங்குகிறார்கள், பிறகு கடைக்காரர் கொடுக்கும் சிம்மைப் போட்டுக்கொள்கிறார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் டவர் இல்லை என்பது தெரியவருகிறது. சமவெளியில் இந்த வரிசையால் பெரிய நஷ்டம் வராது, ஏனென்றால் அங்கே எந்த சிம்மைப் போட்டாலும் ஏதாவது ஒரு டவர் பக்கத்தில் இருக்கும். இங்கே நிலைமை வேறு. குன்னூர் பஸ் நிலையத்தில் நான்கு கோடு காட்டும் சிம், மேட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் வீட்டில் ஒரு கோடுகூடக் காட்டாமல் போகலாம். ஆகவே வீட்டில் எடுக்கும் டவர் எது என்று முதலில் பாருங்கள், அந்த நிறுவனத்தில் உங்களுக்குக் குறைவாக ஆகும் திட்டம் எது என்று அடுத்து பாருங்கள், அந்த சிம் வேலை செய்யும் போன் எது என்பதைக் கடைசியாகப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் எந்த டவர் எடுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுவனங்களின் இணையதளத்தில் உள்ள வரைபடங்கள் ஊர் அளவில்தான் உதவும். உங்கள் வீடு இருக்கும் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது அந்த வரைபடத்துக்குத் தெரியாது. ரேடியோ அலைகளில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து வரக்கூடியவை, சுவரையும் ஓரளவு கடப்பவை. 1800, 2300 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் வேகமான இணையத்துக்கு நல்லவை என்றாலும் மலை குறுக்கே நின்றால் தளர்ந்துவிடும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில், சில கிலோமீட்டர் தள்ளி, நேர்ப்பார்வையில் இருக்கும் டவர் ஒன்று பின்னால் அரை கிலோமீட்டரில் மேட்டுக்கு அப்பால் இருக்கும் டவரைவிட நன்றாக எடுப்பதற்கு இதுவே காரணம்.

எனவே நம்பகமான சோதனை ஒன்றுதான் உண்டு: அக்கம்பக்கத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்குள், நீங்கள் உண்மையில் போனை வைக்கப்போகும் இடத்தில் நின்று பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று பார்ப்பது போதாது. படுக்கும் அறையில் பேச முடிகிறதா, அடுப்படியில் மணி கேட்கிறதா என்று பாருங்கள். கோடு எத்தனை என்பதைவிட, இரண்டு நிமிடம் அறுபடாமல் பேச முடிகிறதா என்பதே கணக்கு. இன்னொரு கேள்வியையும் அவர்களிடம் கேளுங்கள்: போன ஆனி, ஆடி மழையில் கரண்ட் போனபோது எந்த டவர் கடைசிவரை நின்றது? டவர்களும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கரண்ட் போனால் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், மரம் விழுந்து சாலை அடைபட்டால் டீசல் வந்து சேராது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாவட்டம் இது. கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை சொல்லாமலே தெரியும்.

சாதாரண 2ஜி பட்டன் போன் போதுமா, 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டுமா?

இரண்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், பெட்டியைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி டவர்களே கிடையாது, அதன் அழைப்புகள் முழுக்க 4ஜி, 5ஜி வழியாகச் செல்கின்றன. ஆகவே 2ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) ஆகிய நிறுவனங்களின் 2ஜி இன்னும் இயங்குகிறது, அவற்றின் சிம் 2ஜி போனில் வேலை செய்யும்.

சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் 2ஜி பட்டன் போன் கிடைக்கிறது. 4ஜி பட்டன் போனுக்கு அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கூடுதலாகலாம். அந்த ஆயிரத்தைச் செலவழிப்பது நல்லது என்பதே என் கருத்து. 4ஜி வழியாகப் பேசும் வசதி உள்ள போன், 4ஜி எடுக்காத இடத்தில் தானாகவே 2ஜிக்கு இறங்கிவிடும், 2ஜி போன் ஒருபோதும் மேலே ஏற முடியாது. பின்னாளில் நிறுவனம் மாற வேண்டி வந்தாலும் போனை மாற்ற வேண்டியிருக்காது. பெட்டியில் அந்த வசதியைக் குறிக்கும் 'வோல்ட்இ' (VoLTE) என்ற சொல் இருக்கிறதா என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். 4ஜி என்று மட்டும் இருந்து அது இல்லாவிட்டால் இணையம் 4ஜியில் வரும், அழைப்பு 4ஜியில் வராது.

ஜியோ பாரத் போன் மிகவும் மலிவாக இருக்கிறதே?

மலிவுதான். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது, அதற்கென்று 28 நாளுக்கு 123 ரூபாய், ஆண்டுக்கு 1,234 ரூபாய் என்ற திட்டங்களும் அறிவிக்கப்பட்டன. எப்போதாவது பேசுபவருக்கு இதைவிடக் குறைந்த மொத்தச் செலவு அமைவது கடினம். ஆனால் அந்தப் போனில் ஜியோ சிம் தவிர வேறு சிம் வேலை செய்யாது. வீட்டுக்குள் ஜியோ தெளிவாக எடுக்கிறது என்று சோதித்து உறுதி செய்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மாதம் நாலு போன்தான் பேசுகிறேன். எதற்காக மாதாமாதம் 200 ரூபாய் கட்ட வேண்டும்?

கட்ட வேண்டியதில்லை. வயதான பலர் பலகாலமாக அநாவசியமாகச் செலவழித்து வருவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லிலும் வி-யிலும் 28 நாள் திட்டம் 199 ரூபாய், ஜியோவில் 189 ரூபாய் என்றானது. 28 நாள் என்பது மாதம் அல்ல. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். 199 ரூபாயைப் பதின்மூன்றால் பெருக்கினால் 2,587 ரூபாய். அதோடு பட்டன் போன் வைத்திருப்பவர் ஒருநாளும் தொடாத இணைய டேட்டாவுக்கும் சேர்த்தே அந்தப் பணம் போகிறது.

இதைச் சரிசெய்யும் விதமாக, இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் அடங்கிய திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அத்தகைய வவுச்சர்களின் வேலிடிட்டியை 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீட்டவும் அதே விதி இடம் கொடுத்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் திட்டங்களைக் கொண்டுவந்தன. எல்லாவற்றிலும் அழைப்புகளுக்கு வரம்பில்லை. ஆண்டுத் திட்டம் எடுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய்தான் ஆகிறது, 28 நாள் திட்டத்தில் அது ஏழு ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தத் திட்டங்களை ரீசார்ஜ் கடைகளில் பெரும்பாலும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. "நெட் இல்லாமல், பேச மட்டும், ஒரு வருஷத் திட்டம்" என்று தெளிவாகக் கேளுங்கள். மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் 84 நாள் திட்டத்தை எடுக்கலாம், விலையில் பெரிய வேறுபாடு இல்லை. இருந்தாலும் ஆண்டுத் திட்டத்துக்கு மலையில் தனி மதிப்பு உண்டு. மழையில் சாலை அடைபட்ட வாரத்தில் வேலிடிட்டி முடிந்து, ரீசார்ஜ் கடைக்கும் போக முடியாமல், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அழைத்து அழைத்துக் கிடைக்காமல் பதறும் நிலை அதில் வராது. வேலிடிட்டி முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பிள்ளைகள் வெளியூரிலிருந்தே ரீசார்ஜ் செய்வதானால் அவர்களும் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் போதும் என்கிறார்களே?

அது 2013-இலிருந்து இருக்கும் விதி. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டாலும், பிரீபெய்ட் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக எண்ணைத் துண்டிக்கக் கூடாது, 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். விதி உண்மை, ஆனால் அது காப்பாற்றுவது எண்ணை மட்டுமே. திட்டத்தின் வேலிடிட்டி முடிந்த பிறகும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. முதலில் வெளியே பேச முடியாமல் போகும், சில நாளில் உள்வரும் அழைப்புகளும் எஸ்.எம்.எஸ்.ஸும் நின்றுவிடும்.

எஸ்.எம்.எஸ். நிற்பதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். ஆதாருக்கு வரும் ஓ.டி.பி., வங்கித் தகவல், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கணக்கில் ஏறியதைச் சொல்லும் செய்தி, கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் கேட்கும் எண் ஆகிய எல்லாம் அந்த ஒரே சிம்முக்குத்தான் வருகின்றன. எண் முழுவதும் துண்டிக்கப்பட்டால் சில காலத்துக்குப் பிறகு அது வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும், அப்போது உங்கள் வங்கிச் செய்தி அவருக்குப் போகும் ஆபத்தும் உண்டு. எப்போதாவது பேசுபவர் காசு கொடுப்பது பேச்சுக்காக என்பதைவிட, எண் உயிரோடு இருப்பதற்காக என்று கொள்வதே சரி. எந்தக் காரணத்துக்காகவாவது எண்ணை விடுவதாக இருந்தால், வங்கியிலும் ஆதாரிலும் புதிய எண்ணைப் பதிந்த பிறகே பழையதை விடுங்கள்.

பி.எஸ்.என்.எல். எடுக்கலாமா?

உங்கள் வீட்டில் எடுத்தால், தாராளமாக எடுக்கலாம். மற்ற நிறுவனங்களைவிடக் கட்டணம் குறைவு. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 700 என்பது மேலே சொன்னபடி மலைக்கு ஏற்ற அலைவரிசை, ஆனால் விலை குறைந்த சில 4ஜி பட்டன் போன்களில் அதற்கான 'பேண்ட் 28' இருக்காது. வாங்கும் முன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிம் வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் அதை 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். குறைந்த விலைத் திட்டங்களின் நாள் கணக்கை அவ்வப்போது மாற்றுவதால், கடந்த முறை கிடைத்த நாள்களே இந்த முறையும் கிடைக்கும் என்று எண்ணிவிடாமல் கேட்டுக் கட்டுங்கள்.

நிறுவனம் மாறினால் பழைய எண் போய்விடுமா?

போகாது. ஆங்கிலத்தில் 'போர்ட்' (PORT) என்று தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். ஆதாரோடு அந்தக் குறியீட்டையும் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் மீதமுள்ள பணமும் நாளும் கூடவே வராது என்பதால், ஆண்டுத் திட்டம் முடியும் சமயத்தில் மாறுவதே லாபம்.

பந்தலூரில் இருக்கிறோம். போனில் அடிக்கடி கேரளா டவர் காட்டுகிறது. கூடுதல் பணம் பிடிப்பார்களா?

இப்போதுள்ள வரம்பற்ற அழைப்புத் திட்டங்களில் பிடிக்க மாட்டார்கள், இந்தியாவுக்குள் எந்த மாநில டவரிலிருந்து பேசினாலும் ஒன்றுதான். மசினகுடிப் பக்கம் கர்நாடகா டவர் காட்டுவதற்கும் இதே பதில். சுல்தான் பத்தேரியிலோ நிலம்பூரிலோ வாங்கிய கேரளா சிம்மை வைத்திருப்பவர்களும், 2015 ஜூலையிலிருந்து மாநிலம் தாண்டியும் போர்ட் செய்ய முடியும் என்பதால், அதே எண்ணைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வயதான அம்மாவுக்கு வாங்குகிறேன். போனில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேமரா, பாட்டு, மெமரி கார்டு எதையும் பார்க்காதீர்கள். போனை அவர் கையில் கொடுத்து, அவரே ஓர் எண்ணை அழுத்தட்டும். ஊட்டிக் குளிரில் விறைத்த விரலுக்குப் பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இரண்டு சேர்ந்து அழுந்தும், இடைவெளிவிட்டு மேடாக இருக்கும் பட்டன்களே நல்லவை. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், மணி அடுத்த அறைவரை கேட்க வேண்டும். ஐ.எஸ். 16333 என்ற இந்தியத் தரப்படி இங்கே விற்கும் போன்கள் தமிழ் எழுத்தைக் காட்ட வேண்டும் என்பதால், வங்கிச் செய்தி தமிழில் வந்தால் படிக்க முடியும். மெனுவும் தமிழில் வருகிறதா என்று கடையிலேயே மாற்றிப் பாருங்கள்.

வாங்கிய அன்றே உட்கார்ந்து சில வேலைகளைச் செய்து கொடுங்கள். அதில் மிக முக்கியமானது வலது ஓரம் கீழே இருக்கும் # பட்டன். பல பட்டன் போன்களில் அதைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் போன் சைலன்ட் ஆகிவிடும். மடியிலோ பையிலோ இருக்கும்போது தானாக அழுந்தி, மணி ஒலிக்காமல் போய், "அம்மா போனையே எடுப்பதில்லை" என்று பிள்ளைகள் கவலைப்படும் வீடுகள் ஏராளம். திரையின் மேல்வரியில் சைலன்ட் படம் எப்படி இருக்கும் என்பதையும், மறுபடி அதே பட்டனை அழுத்திப் பிடித்து மணியைத் திரும்பக் கொண்டுவருவதையும் இரண்டு மூன்று முறை அவரே செய்து பார்க்கட்டும். கீ லாக் தானாக விழும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அடுத்தது ஸ்பீடு டயல். 2-இல் மகள், 3-இல் பக்கத்து வீடு, 4-இல் 108 ஆம்புலன்ஸ் என்று பதிந்து கொடுங்கள். 5, 9 இரண்டையும் விட்டுவிடுங்கள். 2017 ஜனவரி முதல் விற்கப்படும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போக வேண்டும் என்பது விதி. பேலன்ஸ் தீர்ந்திருந்தாலும் 112-ஐ அழைக்கலாம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் மழைக்காலத்துக்குள் பதிந்து வையுங்கள்.

தலையில் டார்ச் உள்ள போனாக இருந்தால், பஸ் இறங்கித் தேயிலைத் தோட்டத்து வழியில் இருட்டில் நடப்பவருக்கு உதவும். ஆனால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் காட்டெருமை நிற்கும் பாதைகளுக்கு அந்தச் சின்ன வெளிச்சம் போதாது, தனி டார்ச் வேண்டும். எப்.எம். ரேடியோ இருந்தால் இணையம் இல்லாமலே அகில இந்திய வானொலியின் உதகை ஒலிபரப்பைக் கேட்கலாம்.

பட்டன் போன் சார்ஜ் ஒரு வாரம் நிற்கும் என்றார்கள். எங்களுக்கு இரண்டு நாள்கூட நிற்பதில்லையே?

டவர் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் தன் சக்தியைக் கூட்டிக்கூட்டி டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், சார்ஜ் அதில்தான் கரைகிறது. வீட்டில் சிக்னல் நன்றாக எடுக்கும் ஜன்னலோரத்தில் போனுக்கு ஒரு நிலையான இடம் கொடுத்தால் சார்ஜ் கூடுதலாக நிற்பதோடு அழைப்பும் தவறாது. பனி இறங்கும் மார்கழி, தை இரவுகளில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டாம், லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். மழையில் நனைந்த போனைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள போனையே வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகன் தன் பழைய டச் போனைத் தருகிறேன் என்கிறார். அது போதாதா?

வீடியோவில் பேரக்குழந்தையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஆசைக்கு முன் மற்ற கணக்கெல்லாம் சிறியது. வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை இருந்தால், டவரே இல்லாத வீட்டிலும் வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு பேசும் வசதி பல டச் போன்களில் உண்டு, அது பெரிய நன்மை. பேச மட்டும்தான் என்றால் பட்டன் போனே நல்லது. பழைய டச் போனின் பேட்டரி தளர்ந்திருக்கும், தினமும் சார்ஜ் கேட்கும், கரண்ட் இல்லாத இரண்டாம் நாளில் கைவிட்டுவிடும்.

வெளியாரிடம் பழைய போன் வாங்குவதானால், *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் 'கே.ஒய்.எம்.' (KYM) என்ற மூன்று எழுத்து, இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது பதிலில் தெரியும்.

பட்டன் போனில் பணம் அனுப்ப முடியுமா?

முடியும். *99# வழியாகவும், ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே வழியாகவும் இணையம் இல்லாமலே அனுப்பலாம். ஆனால் எப்போதாவது மட்டும் போனைத் தொடும் முதியவருக்கு இதை ஏற்படுத்திக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். ரகசிய எண்ணைக் கேட்டு வரும் ஏமாற்று அழைப்புகள் பட்டன் போனுக்கும் வருகின்றன. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.

போன் தொலைந்துவிட்டால்?

முதலில் வேறு போனிலிருந்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து சிம்மை நிறுத்துங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு போனை முடக்கலாம். அதற்காகவே வாங்கிய பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்க வேண்டும். அதே எண்ணுக்கு மாற்று சிம்மை ஆதாரோடு நேரில் சென்று வாங்க வேண்டும். அது இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு, மோசடியைத் தடுப்பதற்காக எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கப்படும். ஆகவே வங்கி வேலை, சிலிண்டர் வாங்குவது போன்ற ஓ.டி.பி. தேவைப்படும் எதையும் அந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்று சிம் வாங்கிய பின் ஏழு நாளுக்குப் போர்ட் செய்யவும் முடியாது.